தனசேகர் போட்ட கொக்கி

கொக்கி பிடுங்கிக்கொண்ட சத்தம் பெரிதாக இல்லை. ஈரப் பலகையிலிருந்து ஆணியைக் கிளப்பும்போது வருமே, அந்த அளவுதான். அடுத்த நொடி, பாயின் அடிவிளிம்பைத் தாங்கியிருந்த பத்தடி அலுமினியக் குழாய் படகின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு வீசியது. குறுக்கே அலெக்ஸின் தலை இருந்தது. மனைவி ஹெலனிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்க அப்போதுதான் பாதி எழுந்திருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. உட்காரும் பள்ளத்தில் பக்கவாட்டில் சரிந்தார். இடது காதுக்கு மேலே தோல் பிளந்து ரத்தம் வந்தது.

ஹெலன் துப்பட்டாவை உருவிக் காயத்தின் மேல் அழுத்தினாள். தனசேகர் அசையவில்லை. அவர் பார்வை படகின் வலது ஓரத்தில் இருந்தது. அங்கே கொக்கி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். ஓட்டைகளைச் சுற்றிப் பிளைவுட் பிசிர் பிசிராக எழும்பியிருந்தது. கொக்கி கயிற்றின் நுனியில் தொங்கிக்கொண்டு காற்றில் சுற்றியது. நான்கு ஸ்க்ரூவும் அதிலேயே இருந்தன. இரண்டங்குல ஸ்க்ரூ.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டரை. பண்ணவாடிக் கரையிலிருந்து கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. காற்றுக்குப் பயந்து பரிசல்காரர்கள் காலையிலேயே கரையேறிவிட்டார்கள். கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரில் வேறு யாரும் இல்லை.

அலெக்ஸ் சேலத்துக்காரர். சரக்குக் கப்பல்களில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சென்னையில் ஒரு கிளப் கழித்துக்கட்டிய இருபதடிப் பாய்மரப் படகை வாங்கி, லாரியில் ஏற்றி நேராக நாமக்கல்லுக்குக் கொண்டுவந்தார். தனசேகரின் பட்டறை அங்கே இருக்கிறது. முப்பது வருடமாக லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. படகின் அடிக்கூடு ஃபைபர், அது நன்றாக இருந்தது. மேல்தளம் உளுத்துப்போயிருந்தது. அதைப் பெயர்த்துவிட்டுப் புதுப் பிளைவுட் போட்டது தனசேகர்தான். இரண்டு மாதம் போட்டார். அந்த இரண்டு மாதத்தில் இருவரும் சேர்ந்து குடித்த டீக்குக் கணக்கில்லை.

பாயைத் தாங்கும் அந்தக் குழாய்க்குப் பூம் என்று பெயர் என்று அலெக்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது படகு கொஞ்சம் திசை மாறினாலும் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறைந்துகொண்டு போகும். ஆளைக் கொல்லும். அதற்காகத்தான் பூம் பிரேக். பூமுக்கு அடியில் தொங்கும் ஒரு சின்ன உருளை. அதில் ஒரு கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இரு நுனிகளையும் படகின் இரு ஓரத்திலும் கட்டிவிட்டால், பூம் நகரும்போது கயிறு உருளையில் உரசி உரசி வேகத்தைக் குறைக்கும். பிரேக் என்ற சொல்லைக் கேட்டதும் தனசேகருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது.

அலெக்ஸ் இரு ஓரத்திலும் பென்சிலால் குறி போட்டார். "இங்க ஓட்டை போட்டு, போல்ட்டு விட்டு, அடியில இவ்ளோ பெரிய பிளேட் வெச்சு நட்டு முறுக்கணும் முதலாளி" என்று உள்ளங்கையைக் காட்டினார்.

குறி போட்ட இடத்துக்கு அடியில் கை போகவில்லை. உள்கூட்டின் ஃபைபர்த் தகடு மறைத்தது. அதை வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்ட ஒரு நாள் ஆகும். படகு மறுநாள் காலையில் மேட்டூருக்குப் போக வேண்டியிருந்தது. தனசேகரின் கையில் லாரிக் கொக்கி இருந்தது. லோடுக்கு மேல் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவதற்காக லாரிப் பாடியின் ஓரத்தில் வரிசையாக இருக்குமே, அந்தக் கொக்கி. எத்தனை ஆயிரம் போட்டிருப்பார். ஒன்றுகூட ஒடிந்ததாகப் புகார் வந்ததில்லை. மேலேயிருந்தே நான்கு ஸ்க்ரூ அடித்து, சுற்றிலும் பசை தடவி, பெயின்ட் அடித்துவிட்டார்.

மறுநாள் அலெக்ஸ் வந்து கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்துச் சிரித்தார். "லாரிக் கொக்கியா முதலாளி? சரி. அடியில பிளேட் இருக்குல்ல?"

"இருக்குதுங்க" என்றார் தனசேகர்.

லாரியில் அந்தக் கொக்கிக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கிறது, அதோடு பற்றவைக்கிறோம், இங்கே இருப்பது முக்கால் அங்குலப் பிளைவுட் என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டால் லோடு அசையாது, கொக்கிக்கு அப்புறம் வேலை இல்லை என்ற நினைப்புத்தான். பூம் அசையும். அசைவதுதான் அதன் வேலை.

"அலெக்ஸு. ஏனுங் அலெக்ஸு. இங்க பாருங்க." படகில் தனசேகர் அலெக்ஸின் கன்னத்தைத் தட்டினார்.

ஒரு நிமிடத்துக்குப் பிறகு அலெக்ஸ் கண்ணைத் திறந்தார். "என்னாச்சு? பூம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க. பேசாதீங்க."

"பேசாம எப்படிக் கரை போய்ச் சேருவீங்க? உங்களுக்கு லாரியவே ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது."

ஹெலனின் முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்தது. பேசுகிறார், கிண்டல்கூடச் செய்கிறார். அவள் ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டே மறுகையால் 108-ஐ அழைத்தாள். இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறை கிடைத்தது. தலையில் அடி என்றதும், மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாரா என்று கேட்டார்கள். அக்கரையில் நாகமறைப் பரிசல் துறைக்கு வண்டி அனுப்புகிறோம், அரைமணி நேரத்தில் வந்துவிடும், பேசிக்கொண்டிருந்தவர் பேச்சு குழற ஆரம்பித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்றார்கள்.

பண்ணவாடிக்குத் திரும்ப முடியாது. காற்று அங்கிருந்துதான் வந்தது. காற்றுக்கு எதிரே படகைக் கொண்டுபோகும் வித்தை அலெக்ஸுக்கு மட்டுமே தெரியும். நாகமறை காற்று போகும் திசையில் இருந்தது. மூன்று கிலோமீட்டர் இருக்கலாம்.

பூம் மறுபடி அறைந்தது. இந்த முறை இடமிருந்து வலம். படகு முழுவதும் அதிர்ந்தது. நுனியில் தொங்கிய கொக்கி ஹெலனின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பறந்து போனது. அவள் கணவன் மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"பாயை இறக்குங்கண்ணே" என்றாள்.

தனசேகர் குனிந்தே முன்னால் போய், பாயை ஏற்றும் கயிற்றை அவிழ்த்து இழுத்தார். வரவில்லை. தொங்கிப் பார்த்தார். அறைந்த வேகத்தில் கயிறு உச்சிக் கப்பியிலிருந்து நழுவி இடுக்கில் சிக்கியிருந்தது. இருபத்தைந்தடி உயரம். ஏற முடியாது. பாயைக் கத்தியால் கிழித்தால் படகு நடுத் தண்ணீரில் நிற்கும், அலை பக்கவாட்டில் புரட்டும், ஆம்புலன்ஸ் அக்கரையில் காத்துக்கொண்டிருக்கும்.

"பூமை ஒரு பக்கமா இழுத்துக் கட்டிப்போடறேன்" என்றார். அதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அசையும் எதையும் அசையாமல் கட்டுவது.

"கட்டாதீங்க" என்றார் அலெக்ஸ். கண் மூடியிருந்தது. "காத்து மாறிப் பாயோட பின்பக்கம் புடிச்சா கட்டின பூம் படகைச் சாய்ச்சுரும். அது போகணும். மெதுவாப் போகணும். அவ்வளவுதான். பிரேக்கைத் திருப்பி மாட்டுங்க."

"எந்தப் பக்கம் போவோணும் நாம?"

"முதல்ல நேரா. அந்தக் குன்னு தாண்டினதும் காத்து திரும்பும். பூம் ஒரு தடவை கண்டிப்பா மாறும். அதுக்குள்ள மாட்டிருங்க."

குன்று முன்னால் தெரிந்தது. பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அலெக்ஸ் விழுந்ததிலிருந்து படகைத் திருப்பும் சுக்கான் கட்டையை ஹெலன்தான் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கணவனின் தலை அவள் மடியில். பூம் அவர்கள் இருவருக்கும் மேலாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அந்தப் பக்கக் கொக்கி நல்லாத்தான இருக்கு. அங்கயே கயித்தோட ரெண்டு நுனியையும் கட்டுங்களேன்."

இடது ஓரத்தில் கொக்கி பளபளப்பாக நின்றது. பெயின்ட்கூடக் கீறவில்லை. அதற்குப் பக்கத்தில் கயிறு சுற்றும் முளை ஒன்றும் இருந்தது. கை எட்டும் தூரம். இரண்டு நிமிட வேலை. தனசேகர் அங்கே போய்க் கையை வைத்தார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. வலப்பக்கத்தில் இருந்ததும் இப்படித்தான் அசையாமல் இருந்தது.

"இதுல கட்ட முடியாதுங்க அம்மிணி."

"ஏன்?"

பூம் உயர்ந்து, தயங்கி, திரும்பப் பழைய இடத்துக்கே விழுந்தது.

"ஏண்ணே? கேக்குறேன்ல."

"இதுக்கும் அடியில பிளேட் இல்லீங்க. ஸ்க்ரூதான் போட்டேன். அந்த முளையும் அப்படித்தான். அலெக்ஸ் பிளேட் வெக்கச் சொன்னாரு. கை போகலை. வெச்சேன்னு சொல்லிட்டேன்."

ஒரு பெரிய அலை படகைத் தூக்கி இறக்கியது. அது இறங்கி முடிக்கும்வரை ஹெலன் அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து துப்பட்டாவை மடித்து, நனையாத பக்கத்தைத் திருப்பிக் காயத்தில் வைத்தாள்.

"இப்ப எதுல கட்டப்போறீங்க? அதைச் சொல்லுங்க."

தனசேகர் தவழ்ந்தபடி படகின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போனார். கைப்பிடிக் குழாயை ஆட்டினார். வளைந்தது. ஆள் பிடிக்கலாம், பூம் பிடிக்க முடியாது. பின்னாலிருந்த வளையம் கெட்டியாகத் தெரிந்தது. ஆனால் அதில் கட்டினால் கயிறு நேராக வராது, பூம் நடுவுக்கு வரும்போது தொய்ந்துவிடும். தொய்ந்தால் பிரேக் இல்லை. பாய்மரத்தின் அடி கெட்டிதான், அது நட்ட நடுவில் இருந்தது. கயிறு இரு ஓரத்துக்கும் விரிய வேண்டும். இந்தப் படகின் மேலே கண்ணில் படும் ஒவ்வொன்றையும் அவர் தன் கையால் போட்டிருந்தார். எதை எப்படிப் போட்டோம் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. எதன் மேலும் நம்பிக்கை வரவில்லை.

லாரியைக் கட்டி இழுக்க வேண்டியிருந்தால் பாடியில் எவனும் கயிறு போட மாட்டான். பாடி கழன்று கையோடு வந்துவிடும். சேசிஸில்தான் போடுவான். பட்டறையில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவனுக்கும் அவர் முதல் நாளே சொல்லும் விஷயம் அது.

இந்தப் படகுக்குச் சேசிஸ் எது?

பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கம்பிகள் இறங்கின. ஒவ்வொரு கம்பியும் ஓரத்தில் ஒரு தடித்த எவர்சில்வர் பட்டையில் முடிந்தது. பிளைவுட் போடும்போது அந்தப் பட்டையைக் கழற்ற அவர் ஸ்பேனர் போட்டார். அலெக்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார். "அதை மட்டும் தொடாதீங்க முதலாளி. மரமே அதுலதான் நிக்குது." பட்டை பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கி, அடிக்கூட்டின் பக்கச் சுவரில் ஆறு போல்ட்டில் மாட்டியிருந்தது. இந்தப் படகில் தனசேகர் கைவைக்காத இடம் அந்த இரண்டு பட்டைகள்தான்.

"அலெக்ஸு, கம்பி வந்து மாட்டற பட்டை. அதுல போடட்டுங்களா?"

பதில் வரத் தாமதமானது. "கம்பியில போடாதீங்க. பட்டையில... கீழ. விளிம்பு கயிறை அறுக்கும்."

"ரப்பர் சுத்தறேன்."

அவர் பைக்குள் லாரி டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டை எப்போதும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வயிற்றில் படுத்தபடி ஓரத்துக்கு நகர்ந்தார். தொங்கிய கயிற்றை எட்டிப் பிடிக்கப் போனபோது கொக்கி வீசி வந்து முன்கையைக் கிழித்தது. இரண்டாம் முறை பிடித்துவிட்டார். கொக்கியை அவிழ்க்க விரல் வரவில்லை. கயிற்றை அதற்கு மேலே வைத்து வெட்டினார். பட்டையின் மேல் ரப்பரைச் சுற்றி, கம்பி மாட்டிய ஆணிக்குக் கீழே கயிற்றைக் கொடுத்து, லாரியில் லோடு கட்டுகிற முடிச்சைப் போட்டார். தேவைப்பட்டால் இறுக்கலாம், தேவைப்பட்டால் விடலாம். அந்த முடிச்சு மட்டும் அவர் கைக்குத் தானாக வந்தது.

இனி இடப்பக்கம். அங்கே கயிறு கொக்கியில் இருந்தது. அதை அவிழ்த்துப் பட்டைக்கு மாற்றும்வரை பூமைப் பிடிக்க எதுவும் இருக்காது.

"அம்மிணி, ஒரு நிமிசம் படகை நேரா வெச்சுக்கங்க. திரும்பவே கூடாது."

"எதைப் பாத்து நேரா வெக்க?"

"அந்தக் குன்னையே பாருங்க. மூக்கு அதை விட்டு நவுராம."

அவர் கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்தார். ஹெலன் உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள், கண் குன்றின் மேல் இருந்தது. படகின் மூக்கு ஒருமுறை இடப்பக்கம் நழுவியது. பாய் படபடத்தது. பூம் ஒரு முழம் எழும்பி நின்றது. அவள் கட்டையை இடுப்பால் தள்ளினாள். மூக்கு திரும்பி வந்தது. தனசேகர் ரப்பரைச் சுற்றி முடிச்சுப் போட்டு முடித்தார்.

"அலெக்ஸு, எவ்வளவு இறுக்கோணும்?"

பதில் இல்லை.

"ஏனுங், இறுக்கறதா விடறதா?"

"இறுக்... கையால... கைய..." என்றார் அலெக்ஸ். சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஏதோ கப்பலின் பெயரைச் சொல்லி, கதவைச் சாத்தச் சொன்னார்.

ஹெலன் தனசேகரைப் பார்த்தாள். தொலைபேசியில் சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது.

"எங்க, என் விரலைப் புடி" என்றாள் கணவனிடம். "அலெக்ஸ். புடி. இறுக்கமாப் புடி." பிறகு தனசேகரிடம், "புடிக்க மாட்டேங்குறாருண்ணே. வலது கைல புடிக்க மாட்டேங்குறாரு."

தனசேகர் யார் சொல்லவும் காத்திருக்கவில்லை. பூமை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். நகரவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். முடிச்சை இரண்டு விரல்கடை தளர்த்தினார். மறுபடி தள்ளினார். கயிறு உருளையில் முனகிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு விரல்கடை. போதும் என்று அவருக்கே தோன்றும்வரை செய்தார். இது சரியா என்று சொல்ல ஆள் இல்லை.

குன்று பக்கவாட்டில் வந்தது. காற்று ஒரு நொடி நின்றது. பாய் தொங்கியது. பிறகு காற்று மறுபக்கத்திலிருந்து வந்தது, முன்னதைவிட வேகமாக.

ஹெலன் கணவனின் மேல் படுத்து மூடினாள். தனசேகர் வலப்பக்கப் பட்டைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்து முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு விறைத்தது. ரப்பர் நசுங்கியது. உருளையிலிருந்து கிறீச்சென்று ஒரு நீளச் சத்தம். பட்டை அசையவில்லை. பூம் கிளம்பி, தள்ளாடி, ஹெலனின் முதுகுக்கு மேலாக, ஆள் நடக்கிற வேகத்தில் கடந்து மறுபக்கம் போய் நின்றது. படகு சாய்ந்து நிமிர்ந்தது. பூம் அறையவில்லை.

ஹெலன் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுக்கான் கட்டையை மறுபடி இடுப்போடு அணைத்தாள். துறை தெரிந்தது. வெள்ளை வண்டியும் தெரிந்தது.

பாயை இறக்க முடியாததால் படகு அதே வேகத்தில் சேற்றில் போய் ஏறியது. கரையிலிருந்து மூன்று நான்கு பேர் முழங்கால் சேற்றில் ஓடிவந்தார்கள். ஒரு பரிசலுக்குள் அலெக்ஸைக் கிடத்தித் தூக்கிப்போனார்கள். ஆம்புலன்ஸில் வந்த முதலுதவிப் பணியாளர் கிருத்திகா கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கண்ணின் பாவை சுருங்கியது, மற்றது சுருங்கவில்லை, அதை மறுபடியும் பார்த்தாள்.

"கடைசியா எப்பப் பேசுனாரு?"

"பத்து நிமிசத்துக்கு முன்னாடி" என்றாள் ஹெலன். "கதவைச் சாத்தச் சொன்னாரு."

"ஏறுங்க. தர்மபுரிக்குப் போயிரலாம். நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டோம்."

கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். கதவு சாத்தப்பட்டது. தனசேகர் மீன் ஏற்றும் மினி வேன் ஒன்றில் டிரைவரிடம் கெஞ்சி ஏறிக்கொண்டு பின்னால் போனார். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான், கொஞ்சம் வேகமாகப் போக முடியுமா என்று. டிரைவர் மூன்றாம் முறை, "இறங்கித் தள்றீங்களா" என்று கேட்டான். அதன் பிறகு கேட்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அலெக்ஸை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஹெலன் நடைபாதை பெஞ்சில் ஒரு போலீஸ்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்காயம் என்றால் எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

"எப்படி அடிபட்டுச்சு?"

"காத்துல படகோட குழாய் திரும்பி அடிச்சுது."

"யாராவது காரணமா?"

ஹெலன் சொல்லமாட்டாள் என்று தெரிந்ததும் தனசேகர் பக்கத்தில் வந்து நின்றார்.

"குழாயைப் புடிச்சிருந்த கொக்கி பேந்துருச்சுங்க. கொக்கி போட்டது நானு. சரியாப் போடலை. எழுதிக்கங்க."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சேறு காய்ந்த வேட்டி, ரத்தம் உறைந்த கை. பேர், ஊர், தகப்பன் பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

மாலை ஐந்தரைக்கு மருத்துவர் வெளியே வந்தார். மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தாயிற்று. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள். ஆனால் முழிப்பாரா, முழித்தால் பேச்சு எப்படி இருக்கும், வலது கை வருமா என்பதை இன்றைக்குச் சொல்ல முடியாது. மூன்று நாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

மருத்துவர் திரும்ப உள்ளே போனார். ஹெலன் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். தனசேகர் நின்றுகொண்டே இருந்தார்.

"நாமக்கல்லுக்கு பஸ் இருக்கும். நீங்க போங்கண்ணே" என்றாள்.

"இருக்கறனுங்க."

"எதுக்கு?"

மன்னிப்புக் கேட்பதற்கான சொற்களை வழியிலேயே யோசித்து வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவற்றில் ஒன்றும் வெளியே வரவில்லை.

"பிளேட் இருக்குன்னு அவரு என்கிட்டயும் சொன்னாரு" என்றாள் ஹெலன். "நான் பயந்தேன். முதலாளி போட்டிருக்காரு, லாரியே தாங்கும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாரு." பிறகு, "அவரு முழிச்சா நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும்."

"சொல்றனுங்க."

"அப்ப இருங்க."

தனசேகர் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு நர்ஸ் நடந்து போனார். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நர்ஸ் வேறு யாருக்காகவோ போய்க்கொண்டிருந்தார். திரும்ப உட்கார்ந்தார்கள்.